எந்தக் கம்பியை வாங்குவது?



ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், மொட்டை மாடியில் பயிற்சி செய்யப் பளு தூக்கும் கம்பி வாங்க விரும்பினான். "20 கிலோ ஆண்கள் கம்பியா, 15 கிலோ பெண்கள் கம்பியா, சார்?" என்று கேட்டான். 15 கிலோ போதும் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

பெயரை விடுங்கள்; அளவைப் பாருங்கள். போட்டிகளில் ஆண்களின் கம்பி 28 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. பெண்களுடையது 25 மில்லிமீட்டர். சிறிய உள்ளங்கைக்கு மெல்லிய கம்பியே நல்ல பிடி தரும். எடை குறைவே என்கிறீர்களா? 5 கிலோ தட்டுகளைச் சேர்த்தால் அதுவும் 20 கிலோதான்!

மெல்லிய கம்பி வளையாதா? கம்பியின் விறைப்பு, குறுக்களவின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 28ஐ 25ஆல் வகுத்தால் 1.12, அதன் நான்காம் அடுக்கு ஏறக்குறைய 1.57. ஆகவே ஒரே எஃகு, ஒரே நீளம், ஒரே பளு எனில் மெல்லிய கம்பி ஒன்றரை மடங்குக்கு மேல் வளையும். ஆனாலும் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 115 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தியது 15 கிலோ கம்பியில்தான். உங்கள் 30 கிலோ எம்மாத்திரம்?

கடையில் சோதிக்க வேண்டியது வேறு. தட்டுகளை மாட்டும் முனைக்குழல் தடையின்றிச் சுழல்கிறதா? சுழலாவிட்டால், கம்பியைச் சட்டென மார்புக்கு ஏற்றும்போது தட்டுகளின் நிலைமம் உங்கள் மணிக்கட்டை முறுக்கும்.

பயிற்சியாளரிடம் முறையைக் கற்றுக்கொண்டு தொடங்குங்கள். கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது உங்கள் கை, கௌரவம் அல்ல.