யுனிவர்சல் ஸ்டுடியோ போகலாமா? யார் பணத்தில்?



கோடை விடுமுறை நெருங்கினாலே நம் அலுவலகத்துக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்து சேர்கிறது. சிங்கப்பூர் போய் யுனிவர்சல் ஸ்டுடியோ பார்ப்பது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா? பெரிய கடைவீதி வியாபாரியும் கேட்கிறார், கல்லூரி முடித்த இளைஞரும் கேட்கிறார். புதிதாக நிக்காஹ் முடித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்.

கேள்வி திருச்சியில் எழுவதில் வியப்பில்லை. சென்னைக்குப் பேருந்தில் போய்ச் சேரும் நேரத்துக்கு முன்பே இங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய் இறங்கிவிடலாம். 2024 ஜனவரி 2ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டு, அந்த ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். மகளின் பிரசவத்துக்குப் போகும் ஸ்ரீரங்கத்துப் பாட்டி, கட்டுமான வேலைக்குப் போகும் புதுக்கோட்டை இளைஞன், சரக்கு எடுக்கப் போகும் நம் வியாபாரி எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் இப்போது பிள்ளைகுட்டிகளோடு பூங்கா பார்க்கப் போகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

மேடையில் ஏறி, "அது ஹராம்!" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு இறங்கினால் எனக்குத் தக்பீர் முழக்கம் கிடைக்கும். ஆனால் அல்லாஹ்வின் மார்க்கத்தில் இல்லாத தடையை நாமாகப் போட நமக்கு என்ன அதிகாரம்? பயணம் செய்வது ஆகுமானது. மனைவி மக்களோடு மகிழ்ந்திருப்பதும் ஆகுமானது. சறுக்கு ரயிலில் ஏறிக் கத்திவிட்டு இறங்குவதைத் தடுக்க எந்த ஆதாரமும் இல்லை. (பூமியில் சுற்றிப் பார்த்து ஃபிர்அவ்ன் போன்றவர்களின் முடிவைச் சிந்திக்கச் சொன்னது மார்க்கம். அங்கே பண்டைய எகிப்து என்று ஒரு பகுதியே கட்டி, இருட்டில் ரயில் விட்டுச் சுற்றிக் காட்டுகிறார்களாம். அதில் என்ன படிப்பினை கிடைக்கிறது என்று போய் வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.)

"முஸ்லிம் நாடுகளிலேயே இருக்கிறதே! அபுதாபியில் 2010லேயே ஃபெராரி வேர்ல்டு திறந்தார்களே!" என்று சிலர் ஆதாரம் காட்டுகிறார்கள். ஓர் அரசாங்கம் கட்டுவதாலோ இடிப்பதாலோ ஹலால் ஹராம் முடிவாவதில்லை. அந்த விவாதமே நமக்கு வேண்டாம். நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். யார் பணத்தில் போகிறீர்கள்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுச் சீட்டு 80 வெள்ளிக்கு மேல். வெள்ளிக்கு 65 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 5,000 ரூபாயைத் தாண்டுகிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வாசலைத் தாண்டவே 18,000 ரூபாய்க்குக் குறையாது. வரிசையில் நிற்காமல் முந்திப் போக வேண்டுமானால் அதற்குத் தனிச் சீட்டு, தனிக் காசு. விமானம், விசா, ஓட்டல், சாப்பாடு எல்லாம் இதற்கு வெளியே. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த எகிப்து ரயிலில் ஏற 122 செ.மீ. உயரம் வேண்டும். பெரிய சுழல் ரயிலுக்கு 125 செ.மீ. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சீட்டு வாங்கி உள்ளே கூட்டிப் போய், அளவுகோலருகே நிறுத்தி அழ வைத்துத் திரும்புகிற பெற்றோர் உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ரீரங்கம் பகுதியில் சிறு கடை நடத்தும் ஒரு சகோதரர் என்னைத் தேடி வந்தார். ஊர் பேர் வேண்டாம். "ஹஜ்ரத், யுனிவர்சல் ஸ்டுடியோ போறது கூடாதுதானே?" என்று கேட்டார். கேட்ட விதமே வேறாக இருந்தது. நான் கூடாது என்று சொல்லிவிட மாட்டேனா என்ற ஏக்கம் அந்த முகத்தில் தெரிந்தது. மெல்ல விசாரித்த பிறகுதான் விவரம் வந்தது. மகளுக்கு நிக்காஹ் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டார் ரொக்கம் கேட்கவில்லை. "நாங்க கைக்கூலி வாங்குறதில்லை" என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னவர்கள். ஆனால் வலீமா முடிந்த கையோடு சம்பந்தியம்மா ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்: "எங்க சின்ன மருமகனுக்கு அவங்க மாமனார் சிங்கப்பூர் டிக்கெட் போட்டுக் கொடுத்தாங்க." அவ்வளவுதான். கேட்கவுமில்லை, கேட்காமலும் இல்லை! இவர் கடையில் இருக்கும் சரக்கை எல்லாம் விற்றாலும் அந்தத் தொகை வராது. மார்க்கம் தடுக்கிறது என்று ஒரு வரி கிடைத்தால் அதைக் காட்டித் தப்பிக்கலாம் என்று வந்திருக்கிறார்.

சகோதரர்களே, சிந்தியுங்கள்! மானத்தோடு வாழும் ஒரு தகப்பன், தன்னிடம் பணமில்லை என்று சொல்ல முடியாமல் ஒரு ஃபத்வாவின் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டிய நிலையை யார் உண்டாக்கினார்கள்? வரதட்சணைக்கு எதிராக நாம் போட்ட கூட்டங்கள் எத்தனை, ஒட்டிய சுவரொட்டிகள் எத்தனை! ரொக்கம் குறைந்தது, நகைப் பேச்சு சற்று அடங்கியது. இப்போது அதே பேய் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறது.

"அவங்களாகவே ஆசைப்பட்டுக் கொடுக்கிறாங்க, நாங்க கேட்கலையே" என்பார்கள். பைக்குக்கும் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள், கட்டில் பீரோவுக்கும் இதைத்தான் சொன்னார்கள். மார்க்கத்தில் மணமகன் மஹர் கொடுத்து மணம் முடிக்க வேண்டும். வாங்குகிற இடத்தில் அவனுக்கு வேலையே இல்லை. நாட்டின் சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் திருமணத்தை ஒட்டி அதற்கு முன்போ, அப்போதோ, பின்போ கேட்டுப் பெறும் பொருளையெல்லாம் வரதட்சணையாகவே பார்க்கிறது. மஹரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் விலக்கி வைத்திருக்கிறது. விமானச் சீட்டுக்கு எந்த விலக்கும் இல்லை. மாப்பிள்ளைத் தம்பி! உன் மனைவியைச் சிங்கப்பூர் கூட்டிப் போக ஆசையா? தாராளமாகக் கூட்டிப் போ. உன் சம்பாத்தியத்தில் இரண்டு வருடம் சேர்த்து வைத்துக் கூட்டிப் போ. அந்தப் பெண் காலமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஸ்ரீரங்கத்துச் சகோதரருக்கு நான் ஃபத்வா எழுதிக் கொடுக்கவில்லை. சம்பந்தி வீட்டுக்கு ஜமாஅத் பெரியவர்கள் இருவரோடு நானே போய்ப் பேசினேன். அந்த மாப்பிள்ளைக்கு விவரமே தெரியாது! தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "எங்கம்மா சொன்னது எனக்குத் தெரியாது ஹஜ்ரத், மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். இளைஞர்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் பேரம் நடக்கும்போது விழித்திருப்பதில்லை.

அடுத்தது தவணை. "இப்போது பயணம், பிறகு பணம்" என்று விளம்பரம் வருகிறது. வட்டியே இல்லாத இ.எம்.ஐ. என்று சொன்னவுடன் நம் வியாபாரிகளே ஏமாறுகிறார்கள். கடைக்காரருக்குக் கடைக்காரர் கேட்கிறேன், எந்த வங்கி சும்மா கடன் கொடுக்கும்? வட்டியைப் பொருளின் விலையிலோ செயலாக்கக் கட்டணத்திலோ மறைத்து வைப்பார்கள். அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியைத் தவணைக்காரருக்குத் தராமல் பிடித்துக்கொள்வார்கள். பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது, இது வாடிக்கையாளரை மயக்கும் வேலை என்ற கருத்தில் ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆலிம்கள் சொன்னால் பழமை என்கிறீர்கள். ரிசர்வ் வங்கி சொன்னதையாவது கேளுங்கள். மருத்துவத்துக்குக் கடன் வாங்கியவனைப் பார்த்து இரக்கப்படலாம். மினியன் பொம்மையோடு படம் எடுத்துக்கொள்ள வட்டிக்குக் கடன் வாங்கியவனை என்ன சொல்ல?

மூன்றாவது பணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "அங்கே என் மச்சான் இருக்கான், செலவெல்லாம் அவன் பார்த்துக்குவான்." இப்படிச் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! அந்த மச்சான் யார்? ஒர்க் பெர்மிட்டில் போய், ஒரே அறையில் பலரோடு இரும்புக் கட்டிலில் படுத்து, விடியுமுன் லாரியில் ஏறி வேலைக்குப் போகிறவன். 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில் அந்தத் தொழிலாளர் விடுதிகளை மாதக்கணக்கில் பூட்டி வைத்தார்களே, அந்த விடுதிகளில் இருந்தவன். பூங்காவின் ஒரு நாள் சீட்டு அவனுடைய பல நாள் அடிப்படைக் கூலி. நீங்கள் நான்கு பேர் போய் இறங்கினால் அவன் விடுப்பு எடுக்கிறான், சம்பளம் போகிறது. சீட்டும் அவன் வாங்குகிறான். சாப்பாடு, டாக்ஸி, கிளம்பும்போது சாக்லேட், தைலம், செண்டு வேறு. ஊரில் வந்து, "மச்சான் நல்லா கவனிச்சாரு" என்கிறீர்கள். அவன் அடுத்த மாதம் வீட்டுக்குப் பணம் குறைத்து அனுப்பும்போது அவன் மனைவி ஏனென்று கேட்கிறாள். அவன் பதில் சொல்வதில்லை. வெட்கத்தில் கொடுப்பதை மனமுவந்த அன்பளிப்பு என்று சொல்ல முடியுமா? போகிறவர்கள் அவனுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்குங்கள். செந்தோசா தீவுக்குப் பாலத்தைப் பார்த்தபடியே பல ஆண்டுகள் வேலை செய்து, ஒரு நாளும் உள்ளே போகாமல் ஊர் திரும்பியவர்கள் நம் ஜமாஅத்துகளில் உண்டு.

தன் சொந்தப் பணத்தில், கடனில்லாமல் போகிறவருக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஹஜ் கடமையாகியும் செய்யாதவர் மட்டும் ஒரு நிமிடம் நிற்கட்டும். ஹஜ் கமிட்டி வழியாகப் போகவே ஒருவருக்கு மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது என்று தள்ளிப் போடுகிறவர், குடும்பத்தோடு சிங்கப்பூர் செலவைக் கூட்டிப் பார்க்கட்டும். இந்த வருட ஜகாத்தையும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும்.

அங்கே இன்னொரு வாசல் இருப்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். யுனிவர்சல் ஸ்டுடியோ இருக்கும் அதே ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்தில்தான் 2010 பிப்ரவரியில் சூதாட்ட விடுதியைத் திறந்தார்கள். நடத்துவது மலேசியாவின் கெந்திங் மலையில் சூதாட்டம் நடத்தும் அதே குழுமம். இதில் ஒரு வேடிக்கை! சிங்கப்பூர்க் குடிமகனும் நிரந்தரவாசியும் அந்த விடுதிக்குள் போக வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 100 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2019 ஏப்ரலில் அதை 150 வெள்ளியாக உயர்த்தினார்கள். தன் மக்கள் கெட்டுவிடக் கூடாது என்று அத்தனை கவனம். வெளிநாட்டுக்காரனுக்கோ பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், தீர்வை இல்லை! திருச்சியிலிருந்து போகிறவன் கெட்டால் அவர்களுக்கென்ன? "சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று உள்ளே போகும் இளைஞன், இலவசமாகத் திறந்திருக்கும் அந்தக் கதவு யாருக்காக என்பதை யோசிக்க வேண்டும்.

பூங்காவுக்குள் எல்லா உணவகமும் ஹலால் இல்லை. முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்று மாட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிடுங்கள். தீவுக்குள் நுழையுமுன் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு அருகே, தெலுக் பிளாங்காவில் பள்ளிவாசல் உண்டு. பூங்காவுக்கு ஒரு நாள் கொடுத்தால், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826இல் தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலுக்கு ஒரு வக்து கொடுங்கள். நம் பாட்டன்மார் பாய்மரக் கப்பலில் போய் இறங்கிய ஊர் அது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் காட்டக் கட்டணம் இல்லை.

போக முடியாதவர்கள் ஏங்க வேண்டாம். ஸ்ரீரங்கம் மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015 முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. கம்பரசம்பேட்டையில் பறவைகள் பூங்காவை 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். முக்கொம்பு எங்கும் போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையை அரை நாள் பூட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் வியாபாரிகள் நம்மில் எத்தனை பேர்? சிங்கப்பூர் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளில் பாதிக்கு அத்தாவோடு ஒரு நாள் வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்புகிற வியாபாரிகளுக்கு இரண்டு விஷயம். ஏஜென்சியில் தொகுப்புப் பயணம் எடுத்தால் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். ரசீதைப் பத்திரப்படுத்தி வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பலர் விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூருக்குள் நுழைய, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. அதற்கென்று யாராவது தலைக்கு இவ்வளவு என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.