கயிற்றின் மற்ற நுனி

மௌத்தை வெச்சுப் பகிடியா? அறுகம்பேயில் சுனாமி நினைவா ஒரு இன்ஸ்டலேஷன் செய்வோம் என்று பேச்செடுத்தாலே எங்களுக்குள்ள முதல்ல வாற கேள்வி இதுதான். கேள்வி நியாயமானது. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே ஆகக்கூடுதலான உயிர்கள் போனது எங்கட அம்பாறை மாவட்டத்தில்தான்.

எங்கட பதில்: பகிடி விடலாம். யார் விடுறது, யாரைப் பார்த்து விடுறது என்றதுதான் கணக்கு.

பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் பொல்தான்ஸ்கி தன்ட மௌத்து மேலயே பந்தயம் கட்டினவர். டாஸ்மேனியாவில் சூதாட்டத்தில் பணக்காரரான டேவிட் வால்ஷ், பொல்தான்ஸ்கியின் ஸ்டூடியோவை இரவுபகலா கமராவில் பார்க்க மாதாமாதம் காசு கட்டவேணும். எட்டு வருசத்துக்குள்ள ஆள் மௌத்தானால் வால்ஷுக்கு லாபம், தாண்டினால் நட்டம். மனுசன் 2021 வரைக்கும் இருந்தார்! சாகப்போறவரே விடுற பகிடி என்றதால அது யாரையும் குத்தவில்லை.

ஆனா எங்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் பொரளையில் இருக்கு. கொவிட் காலத்தில் ஜனாஸாக்களைக் கட்டாயமா எரிச்சாங்க. இருபது நாள் குழந்தை ஒன்றையும் எரிச்ச பிறகு, 2020 டிசம்பரில் கனத்தை மயான வேலியில் ஆக்கள் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினாங்க. கபன் துணியில் ஒரு கீலம், ஒரு முடிச்சு, அவ்வளவுதான். இரவோடிரவா அவிழ்த்தாங்க, திரும்பக் கட்டினாங்க. முஸ்லிம்கள் மட்டுமில்லை, மற்றவங்களும் வந்து கட்டினாங்க. கலை என்று யாரும் பெயர் வைக்கல்ல, ரிப்பன் வெட்டல்ல. கபுறுக்கு மூன்று பிடி மண் போட விடாத நாட்டில், போடவேண்டிய கை அந்த முடிச்சைப் போட்டது. பார்வையாளர் பங்கேற்பு என்று கண்காட்சிகளில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றதெல்லாம் இதுக்கு முன்னால விளையாட்டு. அரசு 2024இல் மன்னிப்புக் கேட்டது. எரிஞ்சவங்களுக்குக் கேட்டிருக்குமோ தெரியாது.

பகிடியில் அரசை மிஞ்ச எங்களால ஏலாது. சுனாமியில் வீடிழந்தவங்களுக்கென்று அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோட 500 வீடு கட்டினாங்க. யாருக்கு எத்தனை, எந்த இனத்துக்கு எத்தனை என்று வழக்குக்குப் போய், வருசக்கணக்கா ஆளில்லாம காடு பத்திக் கிடந்தது. சாவைப் பற்றி இந்த மாவட்டத்தில் எழும்பின ஆகப்பெரிய இன்ஸ்டலேஷன் அதுதான். உள்ளே போகத்தான் யாருக்கும் அனுமதி இருக்கல்ல.

சரி, அறுகம்பேக்கு வருவோம். சுனாமிக்குப் பிறகு கரையில் கட்டக்கூடாது என்று எல்லை போட்டாங்க: தெற்கில் 100 மீட்டர், வடகிழக்கில் 200. அலைக்கும் மாகாணம் தெரியும் போல. மீனவர் வாடிக்கு இருந்த கண்டிப்பு ஹோட்டல்களுக்கு இருக்கவுமில்லை.

அதால எங்கட யோசனை ஒரு கயிறு. நீளம் 200 மீட்டர். வாறவங்க ஒரு நுனியை அலையில் பிடிக்க, இன்னொருத்தர் மற்ற நுனியோட கரையேறி நடக்கவேணும். கயிறு எந்த ஹோட்டல் வாசலைத் தாண்டுது, எந்தக் கடைக்குள்ள நுழையுது என்று அவங்களே பார்க்கட்டும். கயிறு முடியிற இடத்தில் ஒரு மேசை, அதில் நட்டஈட்டுப் படிவம். 'மௌத்தானவர் நேரில் வந்து கையொப்பமிடவும். மூன்று பிரதிகள் தேவை. கிராம சேவகர் உறுதிப்படுத்தாத மௌத்து ஏற்கப்படாது.'

பெயர் எழுதுற வரியில் மட்டும் பகிடி இல்லை. அதை ஊர்ச்சனம்தான் நிரப்பவேணும், விரும்பினால். சேர்ஃப் பண்ண வந்தவங்க கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு நிற்கலாம்.