கபாபும் கண்ணாடிக் குவளையும்

புனேயில் குடியேறிய நம்மவர் இட்டலியையும் இரசத்தையும் கைவிட்டதில்லை. ஆயினும் பிள்ளைகள் வளர வளர, இந்நகரத்தின் சுவைகளும் ஒவ்வொன்றாக நம் அடுக்களைக்குள் வந்து அமர்ந்துவிடுகின்றன. மிசல் வந்தது, வடாபாவ் வந்தது, இப்பொழுது கபாபும் வந்துவிட்டது. இரமலான் திங்களில் கோண்டுவாவின் கௌசர் பாக்கிற்கோ மோமின்புராவிற்கோ மாலை வேளையில் சென்று வந்தவர்கள், அக்கரியடுப்பின் மணத்தை மறக்க மாட்டாமல், இரும்புக் கம்பிகள் வாங்கி வந்து வீட்டிலேயே சுடத் தொடங்கிவிடுகின்றனர். புலால் உண்ணாத இல்லங்களிலும் பனீர், சேனைக்கிழங்கு, கீரையும் பட்டாணியும் சேர்த்த பச்சைக் கபாப் என்று தட்டு நிறைந்துவிடுகிறது. செய்முறை அறிந்தவர் இன்று பலர். ஆகவே இத்திங்கள் நாம் அதைக் கூறப் புகவில்லை. கபாபுடன் குவளையில் எதை வார்ப்பது என்பதே பேச்சு.

சனிக்கிழமை விருந்துகளில் நாம் காணும் வழக்கம் ஒன்று உண்டு. குடிப்பவர்களுக்கென்று விஸ்கி, சோடா, பனிக்கட்டி, தனிக் கண்ணாடிக் குவளை என்று ஏற்பாடுகள் தடபுடலாக நடக்கும். "எனக்கு வேண்டா" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரோ, பிள்ளைகளுக்கு வாங்கியதில் எஞ்சிய இனிப்புப் பானமோ அவர்முன் வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அவர் ஒப்புக்குச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஏன் வேண்டா என்றார் என்பது அவருக்கே தெரியும். நீரிழிவுக்கு மருந்து உண்பவராக இருக்கலாம். பெரும்பாடு பட்டு அப்பழக்கத்தை விட்டு ஆறு மாதம் ஆனவராக இருக்கலாம். நம் இரயில்வே நண்பராயின், விடியற்காலையில் வண்டி எடுக்க வேண்டியவராகவும் இருக்கலாம். வண்டியோட்டுவோர் பணியேற்குமுன் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதிக் காட்டியாக வேண்டும். "ஒரே ஒரு பெக்" என்று மூன்றாம் முறை வற்புறுத்துபவர் இவற்றுள் எதையும் அறியார். அறியாமலே, ஒருவர் அரும்பாடுபட்டுக் கட்டிய கரையை ஒரு மாலைப்பொழுதில் உடைத்துவிடக் கூடும். அவ்வீட்டு அம்மையார் அதற்குப்பின் எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும் என்பது விருந்தளித்தவர் கணக்கில் வருவதே இல்லை.

இவ்வூரில் மதுவுடன் கொறிப்பதற்குச் 'சக்னா' என்று பெயர். வேர்க்கடலையும் சக்னா, அப்பளமும் சக்னா, கபாபும் சக்னாதான். அதாவது உணவு குவளைக்கு ஏவலாள்! இதை நாம் தலைகீழாக்கிப் பார்க்கிறோம். அரைநாள் ஊறவைத்துப் பக்குவமாய்ச் சுட்ட கபாபுக்கு ஏற்ற துணை எது என்று கேட்டால், விடை பெரும்பாலும் மதுவாக வருவதில்லை.

சுட்ட இறைச்சியும் மதுவும் தமிழர்க்குப் புதியனவோ என்று இலக்கியப் பயிற்சியுடைய அன்பர்கள் உடனே எழுந்து நிற்பர். உண்மைதான். பொருநராற்றுப்படையில் கரிகாற் பெருவளத்தான் அளித்த விருந்தில் கம்பியிற் கோத்துச் சுட்ட ஊனும் உண்டு, மதுவும் உண்டு. இரவுபகலாக ஊன் தின்று பொருநனுக்குப் பல்லே மழுங்கிப்போயிற்றாம். ஆனால் அவ்விருந்தில் மிளகாய் இல்லை. மிளகாய் போர்ச்சுக்கீசியரின் கப்பல் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்த பொருள். கரிகாலன் காலத்துக் கணக்கு நம் காரத்திற்கு ஒத்துவாராது.

மிளகாயின் காரத்திற்குக் காரணமாகிய காப்சைசின் தண்ணீரில் கரைவது அரிது; கொழுப்பில் எளிதில் கரையும். ஆகவே தண்ணீர் குடித்தால் எரிச்சல் வாய் முழுதும் பரவுமேயன்றித் தணியாது. பாலிலும் மோரிலும் உள்ள கேசின் என்னும் புரதமோ அக்காரத்தைப் பற்றி இழுத்துச் சென்றுவிடும். மதுவின் செயல் இதற்கு மாறானது. நாக்கில் காரத்தை உணரும் நரம்பு முனைகளே சூட்டையும் உணர்வன. அவை ஏறக்குறைய 42 பாகை செல்சியசில் விழித்துக்கொள்ளும். மது பட்டால் 34 பாகையிலேயே விழித்துவிடும் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். நம் உடற்சூடே 37 பாகை அன்றோ! காரக் கபாபின்மேல் விஸ்கியை வார்ப்பது எரியும் அடுப்பில் சுள்ளி செருகுவதாகும். போதாக்குறைக்குக் கபாபின் உப்பு தாகத்தை வளர்க்கும், தாகம் குவளையை விரைவில் காலியாக்கும், மதுவோ உடலின் நீரை வெளியேற்றும், மீண்டும் தாகம்.

எனவே பானம் செய்ய வேண்டுவன மூன்றே: கொழுப்பை அறுக்கும் புளிப்பு, காரத்தைத் தணிக்கும் மென்மை, கருகலின் கசப்பை ஈடுசெய்யும் சிறு இனிப்பு. எந்தக் கபாபில் எது மிகுந்துள்ளது என்று பார்த்தால் பானம் தானே தெரியவரும்.

கொத்திய ஆட்டிறைச்சியில் செய்யும் சீக் கபாபில் கொழுப்பு மிகுதி. அதற்குக் கோகத்தை விஞ்சிய துணை இல்லை என்பது நம் கருத்து. இரத்தினகிரி, சிந்துதுர்க் பக்கத்துக் கொங்கணக் கனி அது; நாம் மீன்குழம்பில் இடும் குடம்புளிக்கு நெருங்கிய உறவு. அதன் உலர்ந்த தோலை மராட்டியர் ஆம்சூல் என்பர். மளிகைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு தோலை இரண்டு குவளை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நன்கு பிசைந்து வடிகட்டி, உப்பும் வறுத்துப் பொடித்த சீரகமும் சிறிது வெல்லமும் சேர்த்துக் குளிரச் செய்க. பரிமாறும்பொழுது இரண்டு குவளை சோடாவோ குளிர்ந்த நீரோ கலந்தால் நால்வருக்குப் போதும். கடைகளில் புட்டியில் விற்கும் கோகச் சாற்றில் சர்க்கரை மிகுதி. அது கபாபுக்கு ஆகாது. மீன் கபாபாக இருப்பின், அதே கோக நீரில் தேங்காய்ப்பாலும் ஒரு பல் பூண்டும் சேர்த்தால் சோல்கடி ஆகிவிடும். நம் நாஞ்சில் நாட்டு அன்பர்களுக்கு இதை ஊட்டிப் பழக்க வேண்டியதில்லை. ஒரு வாய் குடித்ததும் சொந்தம் கொண்டாடுவர்.

தயிரில் ஊறிக் காரமேறிய சிக்கன் டிக்காவிற்கு நீர்மோர். இங்கே மட்டா என்று வழங்குவதும் அதுவே. நாம் கறிவேப்பிலையும் பெருங்காயமும் இடுவோம், அவ்வளவே வேற்றுமை. கிராம்பும் ஏலமும் மணக்கும் ஷாமி கபாப் வேறு வகை. கடலைப்பருப்புடன் இறைச்சியை வேகவைத்து அரைத்துத் தட்டுவது அது. பொட்டுக்கடலை சேர்த்து உருட்டும் நம் செட்டிநாட்டுக் கோலா உருண்டைக்குத் தமையன் முறை எனலாம். காரத்தைவிட மணமே அதில் ஓங்கியிருப்பதால், பானமும் மணமுடையதாக இருத்தல் நன்று. ஊரிலிருந்து வருவோர் கொண்டுவரும் நன்னாரிச் சர்பத்தைப் பாதியளவே எடுத்து, எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்து, சோடா ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள். சுட்ட பனீருக்கு, விளிம்பு கருகியிருக்கும் ஆதலின், பானகம். இராமநவமிக்கு மட்டும் அதை ஒதுக்கி வைத்திருப்பது ஏன் என்று நமக்கு விளங்கவில்லை.

பச்சைக் கபாபுக்கும் சேனைக்கிழங்குக் கபாபுக்கும் இஞ்சி எலுமிச்சைச் சோடாவே போதும். கேம்ப் பகுதியில் 1884-இல் தொடங்கிய ஆர்தேஷிர் என்னும் பார்சி நிறுவனத்தின் சோடாவை இவ்வூர்ப் பழங்குடிகள் பெருமையுடன் கூறுவர். அவர்களுடைய இராஸ்பெரி புகழ்பெற்றது. எனினும் அதன் இனிப்பு கபாபின்மேல் ஏறி அமர்ந்துவிடும். பாஜிராவின் மஸ்தானி பெயரைத் தாங்கிய, ஐஸ்கிரீம் மிதக்கும் அப்பெரும் பானமும் அப்படியே. அது தனியே உண்ணத்தக்க விருந்து. உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்க.

இனிக் குடிக்கும் விருந்தினர். நம்முள் அப்படி எவரும் இல்லை என்று எழுதுவது பொய்யாகும். கலப்பு மதுக்களுள் பழையவற்றுள் ஒன்று 'பஞ்ச்' என்பது. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சார்ந்த ஒருவர் 1632-இல் எழுதிய கடிதத்திலேயே இப்பெயர் காணப்படுகிறது. மது, எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், நறுமணப் பொருள் ஆகிய ஐந்தும் சேர்ந்தமையால் ஐந்து என்னும் பொருளுடைய இந்நாட்டுச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர், ஐயுறுவாரும் உளர். பள்ளியில் 'பாச்' என்று எண்ணக் கற்ற நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்கு இதில் பிடித்தது வேறொன்று. ஐந்தில் மதுவை நீக்கினாலும் நான்கு நிற்கும். அந்நான்குமே நல்ல பானம். ஆகவே வீட்டில் கலவையை எப்பொழுதும் நான்கு பொருளாலேயே செய்க. ஐந்தாவதை, கேட்பவர் குவளையில் மட்டும் கடைசியில் அளந்து வார்க்கலாம். கோக நீருடன் ஜின் பொருந்தும். இஞ்சி எலுமிச்சையுடன் ரம் பொருந்தும். ஷாமி கபாபுக்கு, விஸ்கியாயின், உயர்ந்த குவளையில் சோடா நிறைய. சிவப்பு ஒயினின் துவர்ப்பு மிளகாயுடன் சேர்ந்தால் வாய் கரகரத்துப்போகும். நாசிக் பக்கத்து வெள்ளை ஒயின் சற்று இனிப்புடையதாயின் தாங்கும்.

இம்முறையால் வரும் நன்மை, எல்லோர் கையிலும் ஒரே நிறம், ஒரே குவளை. வேண்டா என்றவரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதனால் ஓர் இடரும் உண்டு: மேசையில் வைத்த குவளையைக் குழந்தை தன்னுடையதென்று எடுத்துக் குடித்துவிடக் கூடும். சிறு உடலுக்குச் சிறிதளவு மதுவும் கேடு. ஆதலின் மது வார்த்த குவளையின் அடியில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் மாட்டிவிடுக. அதை ஆள் கையிலன்றித் தாழ்ந்த மேசையில் வைக்க விடாதீர்கள். பொதுக் கூசாவில் மதுவை ஊற்றவே கூடாது.

அளவைப் பற்றி நம்மவரிடையே பெரும் மயக்கம் உண்டு. இந்நாட்டு விஸ்கி, ரம் போன்றவற்றில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம். 30 மி.லி. கொண்ட சிறு பெக்கில் அது ஏறக்குறைய 10 கிராம் ஆகும். "நான் பீர் மட்டுந்தான்" என்று பெருமை கொள்வோர் கவனிக்க: 650 மி.லி. புட்டி, நூற்றுக்கு 8 பங்குடைய வன்மையான பீராயின், 41 கிராம். அதாவது நான்கு சிறு பெக். ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரையே நீக்க வல்லது. கபாப் உண்டால் ஏறாது என்பதும் தவறு. உணவு அதை மெல்ல ஏறச் செய்யும், அவ்வளவே. எந்த அளவும் தீங்கற்றதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்ததையும் ஈண்டுக் குறிக்கிறோம்.

சட்டத்தையும் ஒரு சொல்லில் கூறிவிடுவோம். சேலம் மாவட்டத்தில் 1937-இல் இராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரவி, 1971-இல் தளர்த்தப்பட்டது. அதனால் மதுவிலக்குச் சட்டம் பழங்கதை என்று எண்ணியே நம்மவர் பலர் இங்கு வருகின்றனர். மராட்டியத்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நிலவுகிறது. தன் வீட்டிற்குள் குடிப்பவரும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. விஸ்கி, ரம் முதலியவற்றிற்கு வயது 25. மென்மையான பீருக்கும் ஒயினுக்கும் 21. கல்லூரிப் பிள்ளைக்குத் தந்தையே ஊற்றிக் கொடுப்பது இக்காலத்து நாகரிகம் என்று கருதுவோர் இதை நினைவிற் கொள்வது நலம்.

விருந்து கலையும் நேரத்தில் பில்டர் காபி கேட்பார்கள். குடித்தால் தெளிந்துவிடும் என்பது நம் நெடுநாளைய நம்பிக்கை. காபி உறக்கத்தைக் கலைக்குமேயன்றி இரத்தத்தில் உள்ள மதுவை ஒரு துளியும் குறைக்காது. வண்டியோட்டுவோர்க்குச் சட்டம் வகுத்த எல்லை 100 மி.லி. இரத்தத்தில் 30 மில்லிகிராம். இரவு பத்து மணிக்குள் நான்கு சிறு பெக் அருந்தியவர் ஸ்கூட்டர் சாவியைத் தேடினால், காபியைக் கொடுங்கள். சாவியைக் கொடுக்க வேண்டா. கூடத்தில் ஒரு பாயும் தலையணையும் போட்டு, பக்கத்தில் ஒரு செம்பு நீர்மோரை மூடி வைத்துவிட்டு, அவர் வீட்டிற்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.