வலி இல்லாமை விடுதலை ஆகாது

சர்க்கரை நோய்ப் பிரிவில் எங்கள் காதில் அடிக்கடி விழும் சொற்கள் இவை: “என் உடம்புங்க, என் இஷ்டம். புண்ணு வலிக்கவே இல்லைங்களே, அப்புறம் எதுக்குங்க வைத்தியம்?” வெற்றிலைக் கொடிக்காலில் செருப்பின்றி வேலை செய்தவர், வெல்ல ஆலையின் அடுப்பருகே நடந்தவர், காவிரிப் படித்துறையில் கால் இடறியவர் எனப் பலரும் இதையே சொல்கின்றனர். அவர்கள் கூற்றில் பாதி உண்மை உண்டு. உடல் அவர்களுடையது, அவர்கள் இசைவின்றி நாங்கள் கத்தியைத் தொடுவதில்லை. ஆனால், வலிக்காத புண்ணைக் கவனியாமல் விடுவதைச் சுதந்திரம் எனலாமா? கிறிஸ்தவ நம்பிக்கையில் வளர்ந்த மருத்துவர்கள் என்ற முறையில் இதுபற்றி எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். பிற சமயத்தவரும் இதில் தமக்குரியதைக் காண்பர் என நம்புகிறோம்.

இக்கேள்விக்கு விடை தேடியவர் ஒருவர் நம் மாவட்டத்திலேயே பிறந்தார். அவர் டாக்டர் பால் பிராண்ட். மிஷனரிகளான ஜெஸ்ஸி, ஈவ்லின் தம்பதியரின் மகனாக 1914இல் கொல்லிமலையில் பிறந்து, இலண்டனில் மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். நம் ஊரின் பெயரையே தாங்கிய அந்த வடதமிழக நகரில்தான், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார்.

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடும் என்பதே அக்காலத்துப் பொது நம்பிக்கை. பிராண்ட் கண்டது வேறு. நோய் நரம்பின் உணர்வை அழிக்கிறது. உணர்விழந்தவர் சூடும் கூர்மையும் அறியாமல் தம் கைகால்களைத் தாமே சிதைத்துக்கொள்கிறார். அறுவை முடிந்து தங்கியிருந்த சிலர் காலையில் எழும்போது விரல்நுனி குறைந்திருந்தது. இரவில் விழித்திருந்து பார்த்தபோதுதான், எலி கடித்ததும் உறங்கியவர் அதை உணராததும் தெரியவந்தன. பின்னர் வீடு திரும்பியவர்களுக்குப் பூனையும் கொடுத்தனுப்பினார்கள். ஒவ்வொரு காயத்திற்கும் காரணம் உண்டு, அதை நோயாளியே தேடிக் கண்டறிய வேண்டும் என்பது அங்கு ஒழுங்காயிற்று. அறுவை மருத்துவரின் வேலை. நிமிர்ந்த விரலைக் காப்பது அவ்விரலுக்கு உரியவரின் வேலை. 1966இல் அமெரிக்கா சென்றபின், இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் அவர் பயன்படுத்தினார்.

வலியிலிருந்து முற்றும் விடுபட்டவரே தம் கையை முதலில் இழக்கிறார் என்பதை அவர் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தார். மனச்சாட்சிக்கும் இது பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அப்போஸ்தலர், விசுவாசிகள் சுயாதீனத்துக்காக அழைக்கப்பட்டவர்கள் என்கிறார். அச்சுயாதீனத்தைத் தன்னிச்சைக்குச் சாக்காக்காமல் அன்பினால் பிறருக்கு ஊழியம் செய்யப் பயன்படுத்துமாறும் உடனே எச்சரிக்கிறார். ஈவ்லின் அம்மையார் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கணவர் 1929இல் மறைந்தார். மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கும் செல்லும் சுதந்திரம் அம்மையாருக்கு இருந்தது. அவர் மலைமக்களிடையே பணிசெய்வதைத் தேர்ந்தார்; 1974இல், 95 வயதில் மறையும்வரை அப்பணியை விடவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பொறுப்பு என்பது பழி அன்று. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் இது யார் செய்த பாவம் என்று கேட்டபோது, இயேசு அக்கேள்வியையே ஏற்கவில்லை, அவனைக் குணமாக்கினார். சர்க்கரை நோயில் பரம்பரைக்கும் பங்குண்டு. வறுமைக்கும் வேலைச்சுமைக்கும் பங்குண்டு. “வாயைக் கட்டாததால் வந்த வினை” என்று நோயாளியை ஏசும் உறவினரும், அவ்வாறே கடிந்துகொள்ளும் மருத்துவரும் அவரை மருத்துவமனையிலிருந்து விரட்டவே செய்கின்றனர். நாங்களும் அத்தவறு செய்ததுண்டு. நோய் ஏன் வந்தது என்பதற்கு நோயாளி கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இனி என்ன செய்வது என்பதில்தான் அவருக்குப் பொறுப்பு உண்டு.

அந்நிருபத்தின் ஆறாம் அதிகாரம், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கவும் சொல்கிறது. அவரவர் தம் சுமையைச் சுமப்பர் என்றும் சொல்கிறது. முரணாகத் தோன்றினும், கிரேக்க மூலத்தில் இவை இரு வேறு சொற்கள். முன்னது ஒருவரை நசுக்கும் பளு. பின்னது வழிப்போக்கர் தம் தோளில் கொள்ளும் மூட்டை. மருத்துவச் செலவும் அச்சமும் பளு. அவற்றைக் குடும்பமும் மருத்துவமனையும் பகிர வேண்டும். வேளைக்கு மாத்திரை உண்பதும் பாதத்தைப் பார்ப்பதும் மூட்டை. அதை மகனோ மருமகளோ முழுவதும் வாங்கிக்கொள்ள இயலாது.

ஜெபித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவோரிடமும் ஒரு சொல். நாங்களும் ஜெபிக்கிறோம். கடவுள் தந்த அறிவையும் மருந்தையும் ஒதுக்குவது விசுவாசத்தின் அடையாளம் என நாங்கள் கருதவில்லை.

ஆகவே உங்களிடம் வேண்டுவது சிறிது. இரவு படுக்குமுன் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிடில் கண்ணாடி வையுங்கள், அல்லது வீட்டிலுள்ளோரைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பை உதறி, உள்ளே கைவிட்டுப் பார்த்தபின் அணியுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். கால் ஆணியைப் பிளேடால் சீவ வேண்டாம். வெந்நீரின் சூட்டைப் பிறர் பார்த்துச் சொல்லட்டும். வலிக்காத புண்ணாயினும் அன்றே வாருங்கள்.

உங்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, இருத்தலும் கூடாது. உண்மையை மறைக்காமல் உங்களுக்குப் புரியும்படி சொல்வது எங்கள் பொறுப்பு. கேட்டபின் முடிவு செய்யும் சுதந்திரம் உங்களுடையது. அதற்கான பொறுப்பும் உங்களுடையதே.