கால் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு

நடக்க முடிந்தவனுக்குப் பயணத்தில் என்ன சிரமம்? அதிகாரிகள் கேட்கிறார்கள்; உறவினர் கேட்கிறார்கள்; படித்தவர்களும் கூசாமல் கேட்கிறார்கள். வெருகலில் நான் சந்தித்த ஒரு தாயிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள். மகனுக்கு வயது பத்தொன்பது. ஓட்டிசமும் அதனோடு ஒட்டிய கடும் பதகளிப்பும் உள்ளவன். வீட்டு வளவுக்குள் நாள் முழுதும் நடப்பான். பேருந்தின் ஒலிப்பானும் நெரிசலும் அவனுக்குத் தாங்கா. காதைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிடுவான். உதவி கேட்டுப் போன இடத்தில், "பிள்ளை நல்லா நடக்கிறான்தானே அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

ஓர் அலுவலரின் அறியாமை என்று இதை விட்டுவிட முடியவில்லை. செல்வந்த நாடாகிய பிரித்தானியா இதே மடமையைச் சட்டமாகவே எழுதிப் பார்த்தது.

அங்கு 2013 முதல் வழங்கப்படும் 'பிப்' கொடுப்பனவு இலண்டன் தமிழர்க்குப் பழக்கமான பெயர். அதன் ஒரு பகுதி நடமாட்டத்துக்கானது. எத்தனை மீற்றர் நடப்பாய் என்பதோடு, பயணத்தைத் திட்டமிட்டு வழி தொடர முடியுமா என்றும் அது புள்ளியிடுகிறது. 8 புள்ளி சாதாரண வீதம். 12 புள்ளி உயர்ந்த வீதம். பழகிய வழியிலும் துணையின்றிப் போக இயலாதவருக்கு 12. மனத்தைக் குலைக்கும் துயரால் அந்த நிலைக்கு ஆளானவருக்கும் இது பொருந்தும் என்று 2016 நவம்பரில் மேல் தீர்ப்பாயம் கூறியது.

அரசுக்கு அது பொறுக்கவில்லை. 2017 மார்ச் 16இல் விதியைத் திருத்தி, 'உளத்துயர் தவிர்ந்த காரணங்களால்' என்ற சொற்களைச் செருகியது. விளைவு விசித்திரமானது. அச்சத்தால் வீட்டு வாசலையே தாண்ட முடியாதவருக்கு 10 புள்ளிதான். உயர்ந்த வீதம் கிட்டாது. அதற்குச் சற்று முன்னர், பிரதமரின் கொள்கைக் குழுத் தலைவராக இருந்த ஜோர்ஜ் ஃப்ரீமன், உண்மையாகவே ஊனமுற்றோருக்குத்தான் பணம் போக வேண்டும், பதகளிப்புக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு வீட்டில் இருப்போருக்கு அல்ல என்ற பொருள்படப் பேசிவிட்டுப் பின்னர் வருத்தம் தெரிவித்தார். வாய்தவறிய சொல் என்றார்கள். எனக்கு அது கொள்கை வாய்திறந்த சொல்லாகவே பட்டது.

2017 டிசெம்பர் 21இல் நீதியரசர் மோஸ்டின் அந்தத் திருத்தத்தை அப்பட்டமான பாரபட்சம் என்று கூறி வீழ்த்தினார். அரசு மேன்முறையீடு செய்யவில்லை. 16 இலட்சம் கோப்புகளை மீளாய்வு செய்ய வேண்டியதாயிற்று.

சரி, வெருகலுக்கு இதில் என்ன? எனக்குத் தெரிந்தவரை, கால் நன்றாக இருந்தும் பயணம் போக முடியாமை என்றால் என்னவென்று அவ்வூர் மக்களைவிட நன்கறிந்தவர் இல்லை. 2004 ஏப்ரலில் ஆற்றங்கரையில் சகோதரச் சமர். 2006இல் ஈச்சிலம்பற்றிலிருந்து குண்டுகளுக்கிடையே வாகரைக்கு ஓட்டம். அந்நாட்களின் சோதனைச் சாவடிகளில் இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையை நீட்டும்போது உள்ளங்கை வியர்த்ததே! அன்று எத்தனை பேர் திருகோணமலைக்குப் போகும் பயணத்தை நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிவைத்தார்கள். கால் இல்லாமலா? அச்சம் ஊருக்கே பொதுவாக இருந்தபோது விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவனுக்கு மட்டும், அதுவும் சமாதான காலத்தில், நாள்தோறும் இருக்கும்போது அது பிடிவாதம் ஆகிவிடுகிறது.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, கண்ணைப் பார்த்துப் பேசாத ஓர் இளைஞன் அந்தச் சாவடிகளில் எப்படிப் பார்க்கப்பட்டிருப்பான் என்பதை எண்ணவே அஞ்சுகிறேன்.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறையோடு உளக்குறையையும் சேர்த்தே வரையறுக்கிறது. ஐ.நா. சமவாயத்தை நாடு 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தனிப்பட்ட நடமாட்டத்துக்கு அதில் ஓர் உறுப்புரையே உண்டு. ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, தாம் பரிசோதித்த பகுதியின் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. ஆக, அறியாமல் இல்லை. ஆயினும் மாதக் கொடுப்பனவு எல்லோருக்கும் ஒரே தொகை. 2025 வரவுசெலவுத் திட்டம் அதை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக உயர்த்தியது, வரவேற்கிறேன். ஆனால் பேருந்தில் ஏற்ற முடியாத பிள்ளையை முச்சக்கர வண்டி பிடித்து, மூதூர், கிண்ணியா கடந்து திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் செலவும் அதற்குள்தானே அடங்க வேண்டியிருக்கிறது?

கதவைத் திறந்தால் எல்லோரும் பயம் என்று வந்து நிற்பார்கள் என்பர். அளக்க முடியாத ஒன்றல்ல இது. பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் செய்ய முடிகிறதா, பாதுகாப்பாக, திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா என்று பிரித்தானிய விதி கேட்கிறது. கேட்கத் தெரிந்தால் பொய்யும் தெரியும், மெய்யும் தெரியும். எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார் இல்லை.

பயணம் செய்ய முடியாதவன், தன்னால் பயணம் செய்ய முடியாது என்று காட்டுவதற்காகப் பயணம் செய்ய வேண்டும் என்பது என்ன நீதி? மதிப்பிடும் மருத்துவர் ஈச்சிலம்பற்றுக்கு வரட்டும். தேர்தல் வந்தால் வாக்குப் பெட்டி வருகிறதே. பாலங்கள் போட்டாயிற்று, பாதைப் படகுக்குக் காத்திருந்த காலமும் போயிற்று. துணையின்றி வெளியே போக முடியாதவருக்குத் துணைக்கும் வாகனத்துக்கும் தனித் தொகை ஒதுக்கட்டும். மகனைக் கூட்டிவரச் சொல்லி அந்தத் தாய்க்கு அடுத்த மாதத்தில் ஒரு திகதி கொடுத்திருக்கிறார்கள். நேரம் காலை எட்டு மணி.