முதலில் எஞ்சினைக் கழற்றுவோம், பிறகு காசைக் கழற்றுவோம்

"எஞ்சின் முடிஞ்சுது மச்சான், பெரிசு ஒண்டு வேண்டிப் போடு."

நைற்றோவில் ஓடும் றிமோட் ட்ரக் வைத்திருக்கிற ஆரும் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. நாங்களும் கேட்டோம். நாலு பேர் காசு சேர்த்து செகண்ட் ஹாண்டில் வேண்டிய பழைய ரீ-மக்ஸ் அது. குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகும். சூடேறினதும் நின்றுவிடும். பிறகு என்ன செய்தாலும் எழும்பாது. பார்த்த எல்லாரும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார்கள்: 2.5 சிசியைத் தூக்கி எறிஞ்சுபோட்டு 3.3 போடுங்கோ. தீர்ப்புச் சொன்ன ஒருத்தரும் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை.

எங்கட சண்டை அந்தத் தீர்ப்போடுதான்.

இந்தச் சின்ன எஞ்சினுக்குள் பிஸ்டன் றிங் இல்லை. அலுமினியப் பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ், அவ்வளவுதான். ஸ்லீவின் மேல்பக்கம் மயிரிழையளவு ஒடுங்கியிருக்கும். குளிரில் பிஸ்டன் மேலே வந்து இறுகிப் பிடிக்கும். சூட்டில் பித்தளை கூடுதலாக விரிந்து சரியான இடைவெளியைத் தரும். அந்த இறுக்கம் தேய்ந்துபோனால் சூட்டில் கொம்பிரஷன் இராது, எஞ்சின் நிற்கும். எல்லாரும் சொன்ன "முடிஞ்சுது" இதுதான். ஆனால் காற்று எங்கேயாவது களவாக உள்ளே போனாலும் இதே வருத்தம் வரும். எரிபொருள் குறைந்து, எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சுட்டு நிற்கும். முதலாவதுக்குப் புதுச் சாமான் வேணும். இரண்டாவதுக்கு ஒரு ரப்பர் வளையம் போதும். திறந்து பார்க்காமல் எது எண்டு எப்படிச் சொல்வது?

நாங்கள் குளோ பிளக்கைக் கழற்றாமல், ஆறின எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தோம். மேலே வரும்போது இன்னும் இறுகிப் பிடித்தது. அப்போ ஸ்லீவ் சாகவில்லை. பின்மூடியைக் கழற்றினோம். ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. உள்ளே பின்பக்க பெயரிங் கறள் பிடித்துக் கரகரத்தது. மெதனோல் ஈரத்தை இழுக்கும். ஓடி முடிந்ததும் ராங்கை வெறுமையாக்கி எண்ணெய் விடாமல் வைத்தால் கறள் நிச்சயம். பெயரிங்கின் அளவு அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு பெயரிங் கடையில் தேடலாம். ஆனால் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 சுற்றைத் தாண்டும், அந்த வேகத்தைத் தாங்குமா எண்டு கேட்டு வேண்டுங்கோ. கேஸை ஏறத்தாழ 150 பாகையில் சூடாக்கி மரப்பலகையில் தட்டினால் பழசு தானாக விழும். அம்மாவின் கேக் அவணில் மட்டும் செய்யாதேங்கோ.

எங்கட ட்ரக் இப்போ ஓடுகிறது. அதே 2.5 தான்.

இப்போ பெரிய எஞ்சின்காரரிடம் ஒரு கேள்வி. ஏன் பழசு தேய்ந்தது? பெரும்பாலும் புழுதி. எண்ணெய் பூசாத காற்று வடிகட்டியோடு எங்கட மண்ணில் ஓடினால் எந்த ஸ்லீவும் தாங்காது. அதே வடிகட்டியை 3.3 இல் பூட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். போதாததுக்குப் பெரிய எஞ்சின் தனிய வராது. கிளச், பல்சக்கரம், ட்ரைவ் ஷாஃப்ட் எல்லாம் ஒவ்வொன்றாக உடைந்து காசு கேட்கும்.

எதையும் எறியக் கூடாது எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஸ்லீவில் கீறல், கிராங்கில் தேய்மானம், கொன்றொட்டில் ஆட்டம் எல்லாம் ஒன்றாக இருந்தால் கணக்குப் பார்க்கவேணும். உதிரிகளின் விலை புது எஞ்சினை நெருங்கினால் புதுசே மேல். நேரமும் பொறுமையும் இல்லாதவருக்கு மின்மோட்டார் ட்ரக் நல்லது, அதில் வெட்கமில்லை. ஆனால் அந்த முடிவு திறந்து பார்த்த பிறகு வரவேணும். திறக்காமல் எடுக்கிற முடிவு எங்கட முடிவில்லை, விற்கிறவரின் முடிவு.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டினார்கள். அந்தக் கஷ்டத்தைப் பெருமையாக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது எண்டு தெரிந்தவர்களால்தான் அதைச் செய்ய முடிந்தது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான நாங்கள், நாலு ஸ்குறூவைக் கழற்றப் பயந்து "அப்கிறேட்" எண்ட சொல்லுக்குப் பின்னால் ஒளிக்கிறோம். 2022 இல் இறக்குமதிகள் மறிபட்டபோது கையில் இருந்ததைத் திருத்தத் தெரிந்தவன்தான் ஓடினான். இந்த நாட்டில் அது திரும்பவும் வராது எண்டு ஆர் சொல்வது?

ஆகவே வரிசையை மாற்றுவோம். முதலில் கழுவுதல், காற்றுக் கசிவு, வடிகட்டி: இதுக்குச் செலவு மிகக் குறைவு. பிறகு பெயரிங். பிறகு கொன்றொட். பிஸ்டனும் ஸ்லீவும் அதற்குப் பிறகு. மாற்றினால் முதல் சில ராங்குகளை எரிபொருள் கூட்டி, மெதுவாக ஓட்டிப் பழக்குங்கோ. மெதனோல் நஞ்சு, பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. வெளியில் வைத்து, கையுறையோடு வேலை செய்யுங்கோ.

ஸ்குறூட்றைவர் எங்களிட்ட இருக்கு. பழுதான எஞ்சினோடு வாங்கோ, சேர்ந்து திறப்பம்.