பட்டாசுச் சத்தத்தில் ஓடிப்போகும் நாய்கள்: பெருநாளுக்கு முன்பே செய்ய வேண்டியது என்ன?

ஜித்ரா – தீபாவளிக்கு மறுநாள் காலையில் தாமான்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துப் படங்களுக்கு நடுவே வேறொரு படமும் வருவதுண்டு. ஒரு நாயின் படம், அல்லது ஒரு பூனையின் படம். "நேற்றிரவு ஓடிவிட்டது, பார்த்தவர்கள் தகவல் கொடுக்கவும்" என்று கீழே ஒரு வரி. சில பிராணிகள் இரண்டு மூன்று நாளில் தாமாகவே வீடு திரும்பும். சில பெருஞ்சாலை ஓரத்தில் அடிபட்டுக் கிடக்கும். சிலவற்றைப் பற்றி அதற்குப் பிறகு தகவலே இருக்காது.

பழியைப் பட்டாசின் மேல் போடுவது எளிது. பயத்தைத் தருவது பட்டாசுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பயத்தை உயிரிழப்பாக மாற்றுவது பெரும்பாலும் மூன்று காரியங்கள்: பூட்டாத கேட், தவறான இடத்தில் கட்டிய சங்கிலி, அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே பேசாமல் விட்டது. இந்த மூன்றும் வளர்ப்பவரின் கையில் இருப்பவை.

ஓர் இரவோடு முடிவதில்லை

"ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கொள்ளட்டும்" என்று சொல்வோர் உண்டு. கெடாவில் அந்தக் கணக்கு சரிவராது. 2025-ஆம் ஆண்டின் நாள்காட்டியைப் புரட்டினாலே தெரியும். புத்தாண்டு நள்ளிரவில் தொடங்கிய வெடி, ஜனவரி 29-இல் சீனப் பெருநாளோடு வலுத்தது. ஹொக்கியன் சமூகத்தார் ஒன்பதாம் நாள் வழிபாட்டுக்காக எட்டாம் நாள் நள்ளிரவில் வெடிக்கும் வெடி பல ஊர்களில் பெருநாள் வெடியையே மிஞ்சிவிடும். மார்ச் 2-இல் நோன்பு தொடங்கியதும் கம்பங்களில் இரவு வெடி, மார்ச் 31 நோன்புப் பெருநாள் வரை. ஆகஸ்ட் 31-இல் சுதந்திர தின வாணவேடிக்கை. அக்டோபர் 20-இல் தீபாவளி.

சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூவினமும் கலந்து வாழும் ஜித்ரா போன்ற ஊரில் ஒரு நாய் ஆண்டுக்குப் பல வாரங்கள் வெடிச்சத்தம் கேட்கிறது. சத்தம் பழகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பயந்த பிராணிக்குப் பெரும்பாலும் நடப்பது நேர்மாறானது. ஒவ்வொரு முறை மிரளும்போதும் பயம் கூடிக்கொண்டே போகிறது. முதல் ஆண்டில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த நாய், மூன்றாம் ஆண்டில் வேலி தாண்டலாம்.

பயம் என்றே தெரியாத பயம்

மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். நாய்க்கு அது சுமார் 45,000; பூனைக்கு 64,000 வரை போகும். மனிதர்களின் காதுக்கு எட்டாத கீச்சொலிகளும் அவற்றுக்குக் கேட்கின்றன. அதோடு, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்பது அவற்றுக்குப் புரிவதில்லை.

பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கவனிக்கத்தக்கது. தங்கள் நாய் சத்தத்துக்குப் பயப்படுகிறது என்று நேராகச் சொன்னவர்கள் நான்கில் ஒரு பங்கினர்தாம். நடுக்கம், ஒளிதல், குரைத்தல் என்று அறிகுறிகளைப் பட்டியலிட்டுக் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் குறைந்தது ஒன்றையாவது தங்கள் நாயிடம் பார்த்திருந்தார்கள். வீட்டு நாயின் பயம் வீட்டுக்காரருக்கே தெரியாமல் போகிறது என்பதே இதன் பொருள்.

காரணமின்றி மூச்சிரைத்தல், எச்சில் வழிதல், ஓரிடத்தில் நில்லாமல் அலைதல், உதட்டை நக்கிக்கொண்டே இருத்தல், பிடித்த உணவையும் தொடாமல் இருத்தல் ஆகியவையும் பயத்தின் அடையாளங்கள். பூனை பெரும்பாலும் சத்தமே போடாது, ஒளிந்துகொள்ளும். அமைதியாக இருக்கிறது என்று எண்ணி அதை விட்டுவிடக் கூடாது.

சங்கிலிதான் பெரிய ஆபத்து

தோட்ட லயங்களிலும் தரை வீடுகளிலும் நாயை வீட்டுக்குள் விடாத பழக்கம் இன்னும் இருக்கிறது. வாசல் தூணிலோ வேலிக் கம்பியிலோ கட்டியிருப்பார்கள். சாதாரண நாளில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. வெடி வெடிக்கும் இரவில் நிலைமை வேறு. மிரண்ட நாய் வேலியைத் தாண்டிக் குதித்தால், சங்கிலி மறுபக்கம் தரையைத் தொடும் அளவுக்கு நீளமில்லாதபோது, அது கழுத்தில் தூக்கு மாட்டிக்கொண்டது போலத் தொங்கிவிடும். தூணைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கழுத்தை இறுக்கிக்கொள்வதும் நடக்கும்.

அன்றிரவு மட்டுமாவது நாயை உள்ளே கொண்டுவருவதே முதல் பாதுகாப்பு. வரவேற்பறை வேண்டாம் என்றால் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் இடமோ ஸ்டோர் அறையோ போதும். சன்னலை மூடி, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிட்டால் வெளிச்சத்தம் ஓரளவு அடங்கும். பழைய பாயோ, வீட்டாரின் வாடை உள்ள துணியோ மூலையில் கிடந்தால் அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேலி, படிக்கட்டு, சுவர் விளிம்பு எதற்கும் அருகில் கட்டக் கூடாது. இழுத்தால் இறுகும் சுருக்குக் கழுத்துப்பட்டையும் கூடாது. மார்பைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை நல்லது.

உணவும் நடையும் பொழுது சாய்வதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். விருந்தினர் வந்து போகும் வீட்டில் கேட் திறந்தே கிடக்கும். பல நாய்கள் ஓடுவது அந்த நேரத்தில்தான். கேட்டுக்குப் பொறுப்பாக வீட்டில் ஒருவரை நியமித்துவிட்டால் பாதிக் கவலை தீரும். பூனையை மாலையிலேயே உள்ளே விட்டு, மண் தட்டோடு ஓர் அறையில் வைக்கலாம். கிளி, புறாக் கூண்டுகளை உள்ளே எடுத்து, காற்றுப் போக இடம் விட்டுத் துணியால் மூட வேண்டும். மாடு, ஆடு வளர்ப்போர் பொழுதோடு கொட்டகையில் அடைத்து வேலியைச் சரிபார்ப்பது நல்லது.

நடுங்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பது பழைய நம்பிக்கை. பயம் ஓர் உணர்வு. ஆறுதல் சொல்வதால் அது வளராது. அருகில் வந்தால் தடவிக் கொடுக்கலாம், ஒளிந்துகொண்டால் இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. திட்டுவதும் அடிப்பதும் பயத்தை இரட்டிப்பாக்கும்.

மருந்து விஷயத்தில் கவனம்

மிகவும் மிரளும் பிராணிகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் பதற்றத்தைத் தணிக்கும் மருந்து தருகிறார்கள். உடல் எடையையும் நோய்களையும் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று முன்பே ஒரு நாள் கொடுத்துப் பார்க்கவும் வேண்டும். அதனால் இரண்டு வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

வீட்டில் இருக்கும் மனிதர்களின் தூக்க மாத்திரையையோ காய்ச்சல் மாத்திரையையோ கொடுப்பது ஆபத்து. ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். பெருநாள் சாப்பாட்டிலும் ஆபத்து உண்டு. பாயாசத்திலும் கேசரியிலும் போடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; சாக்லேட்டும் வெங்காயமும் கூடாதவை. வெடித்துச் சிதறிய பட்டாசுக் குப்பையை மறுநாள் விடிந்ததும் கூட்டி அள்ளிவிட வேண்டும். மீந்த மருந்தை நக்கும் நாய் நோயில் விழும்.

ஓடிய நாய் ஊர்ப் பிரச்சினை

ஜித்ராவில் ஒரு நாய் தொலைவது அந்த வீட்டின் துக்கம் மட்டுமல்ல. தாய்லாந்து எல்லை அருகில் இருக்கும் வட்டாரம் இது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களுக்கு ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் கண்டுபிடிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். எல்லையோர மாநிலங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் பணிக்குக் கால்நடை சேவைத் துறை முக்கியத்துவம் கொடுப்பது இதனால்தான்.

பயந்து ஓடும் நாய் பிடிக்க வருபவரைக் கடிக்கும். அதற்குத் தடுப்பூசி போட்டதா என்பது யாருக்கும் தெரியாது. கழுத்தில் உரிம வில்லையும் இல்லையென்றால், ஊராட்சி மன்றத்தின் பார்வையில் அது தெருநாய்தான். பிடித்துச் செல்லும் பணியாளர்களுக்கு அது யார் வீட்டுச் செல்லம் என்று தெரிய வழியில்லை. கழுத்துப்பட்டையில் எழுதிய ஒரு தொலைபேசி எண், ஆண்டு உரிமம், தடுப்பூசி அட்டை, முடிந்தால் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப் ஆகியவைதாம் ஓடிய நாயைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருபவை. கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சட்டம் எதுவரை வரும்?

அனுமதியற்ற பட்டாசுகளைத் தயாரிப்பதும் வைத்திருப்பதும் இறக்குமதி செய்வதும் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆனாலும் எல்லையோரத்தில் பட்டாசு பறிமுதல் என்பது ஒவ்வொரு பெருநாளுக்கும் வரும் செய்தியாகிவிட்டது.

2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் இருக்கிறது. பிராணியைக் கொடுமைப்படுத்துவோருக்குக் குறைந்தது 20,000, அதிகபட்சம் 100,000 ரிங்கிட் அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நாயின் வாலில் சரவெடி கட்டி வேடிக்கை பார்ப்பது விளையாட்டல்ல, இந்தச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்ல வேண்டும்.

எனினும், பக்கத்து வீட்டார் முறைப்படி வாங்கிய வெடியை வாசலில் வெடிக்கும்போது உள்ளே நடுங்கும் பிராணியை இந்த இரண்டு சட்டங்களும் நேரடியாகக் காப்பாற்றிவிடாது. அந்த இடைவெளியை அடைக்க வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்.

பேசினால் தீரும்

வெடியே இல்லாமல் தீபாவளியா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தார், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. யாரும் சட்டம் போட்டு அவர்களைத் தடுக்கவில்லை. ஊர் கூடி எடுத்த முடிவு அது. அந்த அளவுக்குப் போகாதவர்களுக்கும் முன்மாதிரி உண்டு. இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பை அடுத்து, தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என இரண்டே மணி நேரம் ஒதுக்கப்பட்டது.

ஜித்ரா தாமான்களில் இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ருக்குன் தெத்தாங்கா கூட்டத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு மூன்று விஷயங்களைப் பேசி முடிவு செய்தால் போதும்: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வெடிப்பது, வீட்டு வாசலை விட்டு எந்தத் திடலில் வெடிப்பது, ஓடிய பிராணியைக் கண்டால் யாரை அழைப்பது. நேரம் தெரிந்தால் நாயை உள்ளே விட்டு மருந்தும் கொடுத்துவிடலாம். நள்ளிரவில் திடீரென்று வெடிக்கும் ஒற்றை வெடிதான் யாரையும் தயாராக விடாதது.

இந்தப் பேச்சை இந்தியர்கள் தங்கள் தீபாவளியிலிருந்தே தொடங்குவது பொருத்தம். தன் வெடிக்கு நேரம் வகுத்தவர்தான் மற்றவர் பெருநாளின்போது தயங்காமல் கேட்க முடியும். தமிழர், சீனர் வீடுகளில் நாய். மலாய்க்காரர் வீடுகளில் பூனை. பயம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், இனம் பார்க்காமல் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசக்கூடிய விஷயம் இது.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால் மூன்று நாள் தொடர் விடுமுறை. பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் புறப்படுவார்கள். சில கிளினிக்குகளும் மூடியிருக்கும். வாசலில் கட்டிய நாய்க்கு ஒரு தட்டுச் சோறு வைத்துவிட்டுப் போவது பாதுகாப்பாகாது. இரவில் வந்து பார்க்கும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு. காரில் பைகளை ஏற்றும் முன் அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டால், திரும்பி வரும்போது அந்த நாய் வாசலில் வாலாட்டி நிற்கும்.